பதினேழாவது இருக்கைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

தாராவி, சயான், மாட்டுங்கா பக்கத்து நம் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு மாலை பிள்ளையார் கோயில் முன்னால் என் டியூஷன் பிள்ளைகள், மும்பை மாநகராட்சிக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவரான சர் பெரோஸ்ஷா மேத்தாவைப் பற்றிப் பேசியும் நடித்தும் காட்டிய நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கே நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தேன். பிள்ளைகளைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. பாதிப் பேரை விட்டுவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

2026 ஜனவரி 15 மும்பை மாநகராட்சித் தேர்தலுக்கு முந்தின வாரம், ஜன்னலுக்கு வெளியே பிரச்சார ஆட்டோ கத்திக்கொண்டு போனது. ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், நகர்சேவக் என்றால் யார்? எம்.எல்.ஏ.வுக்குக் கீழே வேலை பார்ப்பவரா?" எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதற்கு முந்தின தேர்தல் நடந்தது 2017 பிப்ரவரி 21. அவளுக்கு அப்போது ஐந்து வயது. 2022 மார்ச்சில் அதில் ஜெயித்தவர்களின் சபைக் காலம் முடிந்து, கமிஷனரே நிர்வாகியாக உட்கார்ந்தார். 227 வார்டிலும் நகர்சேவக், அதாவது வார்டு கவுன்சிலர், என்று ஒருவரும் இல்லாமல் கிட்டத்தட்ட நான்கு வருடம் போய்விட்டது. பாவம், அவள் யாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாள்?

அந்தக் கேள்வியோடு நான் போய் நின்றது, மாநகராட்சியில் கிளார்க்காக இருந்து ரிட்டயரான நம் மாடி வீட்டுப் பெரியப்பாவிடம். முதல் நன்றி அவருக்கு. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். ஒரு பக்கம் கமிஷனர்: ஆள், இயந்திரம், வேலை எல்லாம் அவர் கையில். இன்னொரு பக்கம் நகர்சேவக்குகளின் சபை: பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கொடுப்பதும், ஏன் எதற்கு என்று கேட்பதும் இவர்கள் கையில். நடுவில், செலவுகளை அலசும் ஸ்டாண்டிங் கமிட்டி. "இந்த ஏற்பாட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் பெரியவர் யார் தெரியுமா? வி.டி. ஸ்டேஷன் எதிரே, கார்ப்பரேஷன் வாசலில் சிலையாக நிற்கிறாரே பெரோஸ்ஷா மேத்தா, அவர்தான்" என்றார். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். வி.டி.யில் இறங்கி, மூட்டையோடு அந்தச் சிலையைத் தாண்டித்தான் வந்திருப்பார். நானும் எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அடுத்து, தாதர் பார்சி காலனி ஆன்ட்டிக்கு. அவர் வீட்டில் என் அம்மா இருபத்திரண்டு வருடம் சமையல் செய்தார். மேத்தாவைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று போனில் கேட்டேன். மறுநாளே வரச் சொன்னார். இரண்டு பாகமாக வந்த அவருடைய பழைய வாழ்க்கை வரலாற்றை, பழைய பருத்திப் புடவைத் துணியில் சுற்றி, ரசக்கற்பூர வாசனையோடு என் மடியில் வைத்தார். "உன் அம்மா இந்த அலமாரியைத் தூசி தட்டியவள். நீ எடுத்துப் போ, மெதுவாகக் கொடு" என்றார். அன்று ரயிலில் அந்தப் பொட்டலத்தைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே வந்தேன். அவருடைய மாமனார் பென்சிலால் கோடு போட்டிருந்த பக்கங்கள்தான் எங்களுக்கு வழி காட்டின. இராத்திரி இராத்திரியாக உட்கார்ந்து அவற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்த பி.காம். தம்பிக்கும் இங்கேயே நன்றி. பரீட்சை நேரத்தில் செய்தான்.

எங்களை அப்படிப் பிடித்துக்கொண்டது என்ன கதை என்று, அன்று வர முடியாதவர்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

மேத்தா 1845-ல் பிறந்தவர். 1871-ல், இருபத்தாறு வயதில், தோபி தலாவ் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் பேசினார். ஊரே அன்றைக்கு முனிசிபல் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்டின் செலவைத் திட்டிக்கொண்டிருந்தது. கமிஷனரைத் திட்டுவதோடு நிற்காதீர்கள், வரி கட்டுபவர்கள் ஓட்டுப் போட்டு அமைத்த சபை ஒன்று அவர்மேல் இருக்க வேண்டும் என்றார் இவர். கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த வருடமே புதுச் சட்டம் வந்தது. 64 பேர் சபையில் பாதிப் பேர் வரி கட்டுபவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். அந்தச் சபைக்குள் போனவர் ஏறக்குறைய நாற்பது வருடம் அங்கே உழைத்தார். இன்றும் நடப்பில் இருக்கும் 1888 மாநகராட்சிச் சட்டம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு. 1884, 1885, 1905, 1911 என நான்கு தடவை சபைத் தலைவர். அப்போது மேயர் என்ற பெயர் கிடையாது. அது 1931-ல்தான் வந்தது.

பிள்ளைகள் விடாமல் பிடித்துக்கொண்டது 1907. அந்தக் காலத்தில் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' என்ற கௌரவப் பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு 16 பேரைச் சபைக்கு அனுப்புவார்கள். மேத்தாவை வெளியே தள்ளிவிட வேண்டும் என்று, கணக்குத் துறைத் தலைவராக இருந்த ஹாரிசன் என்ற வெள்ளைக்காரரும் இன்னும் சில பெரிய அதிகாரிகளும் ஒன்று சேர்ந்தார்கள். காகஸ் என்று அந்தக் கூட்டணிக்குப் பெயர். 16 பேர் பட்டியல் போட்டு, அதற்கே ஓட்டு விழும்படி பார்த்துக்கொண்டார்கள். ஓட்டை எண்ணினால் மேத்தா பதினேழாவது! முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த சபையின் கதவு மூடிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, ஜெயித்த பதினாறு பேரில் ஒருவர் மாநகராட்சியோடு ஒப்பந்தம் வைத்திருந்தவர். அப்படிப்பட்டவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது சட்டம். அவர் இடம் போனது, மேத்தா உள்ளே வந்தார். நான்கே வருடத்தில் மறுபடி தலைவர் நாற்காலி.

இதை எப்படி மேடையில் காட்டுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். டெக்கரேட்டர் அண்ணன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி பதினாறு கொடுத்தார், வாடகை வாங்கவில்லை. அவருக்கு நன்றி. பதினேழாவது வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம். நம் இட்லி அக்கா தன் மர ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தார். விடியற்காலை நான்கு மணிக்கு அதில் உட்கார்ந்துதான் அவர் மாவு ஊற்றுவார். ஒரு கால் கொஞ்சம் குட்டை, அடியில் அட்டை மடித்து வைத்திருக்கும். அதை மேடைக்குக் கீழே, தனியாக வைத்தோம். கேள்வி கேட்ட அதே பெண்தான் மேத்தா. கோட்டு போட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, பதினாறு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. பதினோராம் நாற்காலிப் பையன் சட்டைப் பையிலிருந்து ஒப்பந்தக் காகிதம் கீழே விழுந்ததும், பின்னால் நின்ற தாத்தா ஒருவர் "எந்திரிடா!" என்று கத்தினார் பாருங்கள், அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். இட்லி அக்கா அன்று முழுக்க நின்றுகொண்டே பார்த்தார். அக்கா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

நாங்கள் முதலில் பேசி வைத்திருந்த இடத்தில் கடைசி நாள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கை ஒடிந்ததுபோல் ஆகிவிட்டது. கோயில் வாசலைத் திறந்துவிட்ட பெரியவர்களுக்கும், ஒரே இராத்திரியில் வயர் இழுத்து லைட் போட்ட தம்பிகளுக்கும் நன்றி. மராத்தியில் முன்னுரை சொல்லி, நம் மராத்தி அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வந்த எதிர் வீட்டுத் தாயி, உங்களால்தான் அது எல்லாருடைய நிகழ்ச்சியும் ஆயிற்று.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். தேர்தலில் ஒருவரை ஒருவர் எதிர்த்து வேலை செய்த மூன்று கட்சித் தம்பிகளும் வந்தார்கள். துண்டு, கொடி எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு வந்து, ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். தேர்தல் சமயத்தில் உங்களுக்குள் எவ்வளவு மனக்கசப்பு என்று எனக்குத் தெரியும். நான் கேட்ட ஒரு வார்த்தைக்காக வந்தீர்களே, அது பெரிய மனசு.

வருகிற ஞாயிறு பிள்ளைகளைச் சிலை பார்க்க அழைத்துப் போகிறேன். டிக்கெட் செலவை ஏற்றுக்கொண்ட மருந்துக்கடை அண்ணனுக்கு முன்கூட்டியே நன்றி. காலை ஏழரைக்குச் சயான் ஸ்டேஷன், சி.எஸ்.எம்.டி. (பழைய வி.டி.தான்) ஸ்லோ வண்டி. பெரியப்பா கூட வந்து கட்டடத்தை விளக்குகிறேன் என்றிருக்கிறார். பார்சி ஆன்ட்டி நேராக அங்கே வந்துவிடுவார். புத்தகத்தை அவர் கையில் பிள்ளைகளே கொடுக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். புடவைத் துணியைத் துவைத்து மடித்தாகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் டியூஷன் டீச்சர்