மின்னலைக் காரணம் காட்டி வாரண்டி மறுத்தது: எர்த் அளவு குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், பர்கூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

போன ஐப்பசியில் எங்கள் வீட்டு மாடியில் 5 கிலோவாட் சோலார் போட்டுக் கொடுத்தீர்கள். ஏசிக்கு ஒன்று, டிசிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று எர்த் குழிகள். ஒவ்வொன்றின் எர்த் தடையும் (மண்ணுக்குள் மின்சாரம் இறங்குவதற்கு உள்ள தடை) 5 ஓமுக்குள் இருக்கும் என்று கொட்டேஷனிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

சென்ற வாரக் கோடை மழையில் இடி இறங்கி இன்வெர்ட்டர் போனது. திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பெட்டி செயலிழந்து, அதன் பச்சை ஜன்னல் சிவப்பாகிவிட்டது. வந்து பார்த்த உங்கள் ஆள், இடிதாங்கிக் குழிக்குப் போகும் பட்டையில் கிளாம்ப் மீட்டரை (கழற்றாமல் சுற்றிக் கவ்வி அளக்கும் கருவி) மாட்டி, "0.4 ஓம், எர்த் அருமை. இது மின்னல் சார், வாரண்டியில் வராது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் ஊர் மண்ணில் 0.4 ஓமா? இரண்டடி தோண்டினால் கருங்கல். குழி வெட்டியவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். சந்தேகம் வந்து, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினரை எர்த் டெஸ்டரோடு வரச் சொன்னேன். மூன்று குழிகளையும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையால் தரைக்கடியில் இணைத்திருப்பதைப் பார்த்ததுமே அவர் சிரித்துவிட்டார். பட்டையும் குழிகளில் புதைத்த குழாய்களும் சேர்ந்து ஒரு உலோக வளையம். கிளாம்ப் காட்டிய 0.4 அந்த வளையத்தின் தடை. மண் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இன்வெர்ட்டரை அணைத்து, இடிதாங்கிக் குழியின் இணைப்பைக் கழற்றினோம். எர்த் டெஸ்டரில் இணைக்க, குழியிலிருந்து மாந்தோப்புப் பக்கமாக 30 மீட்டரில் ஒரு கம்பி, 18.5 மீட்டரில் இன்னொன்று மண்ணில் அடிக்க வேண்டும். முதல் இரண்டு இடத்தில் சுத்தியலே திரும்பி வந்தது. மூன்றாவது இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கம்பி இறங்கியது. அளவு 38 ஓம். நடுக்கம்பியை ஒன்றரை மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தியபோது 37, 39; பெரிதாக மாறவில்லை, எனவே அளவு சரிதான்.

போனில் உங்கள் ஆள், "மல்டிமீட்டரில் பார்த்தாலே தெரியுமே" என்றார். மல்டிமீட்டர் அனுப்புவது டிசி. ஈர மண்ணில் புதைந்த உலோகம் தானே சிறு பேட்டரி போல வேலை செய்து அளவைக் கெடுக்கும். அதனால்தான் எர்த் டெஸ்டர் திசை மாறும் மின்னோட்டத்தை அனுப்புகிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

குழியைப் போட்டது ஐப்பசி ஈரத்தில்; ஈர மண்ணில் தடை குறைவாகவே காட்டும். சரி, அன்றாவது கம்பி அடித்து அளந்தீர்களா? அந்தத் தாள் இருந்தால் அனுப்புங்கள்.

15 நாட்களுக்குள் என் முன்னிலையில் மூன்று குழிகளையும் தனித்தனியாகக் கழற்றி, எர்த்திங்குக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 3043 சொல்லும் முறையில் அளக்க வேண்டும். 5 ஓமுக்கு மேல் வந்தால் உங்கள் செலவில் சரிசெய்து, இன்வெர்ட்டரையும் மாற்றித் தர வேண்டும். இல்லையென்றால் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

கம்பி அடிக்கச் சுத்தியல் பெரியதாகவே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்