தென்னந்தோப்புக்குள் ஒரு பாடம்: கொங்கு நாட்டு இ.சி.இ. பேராசிரியர்களுக்குத் திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் இ.சி.இ. எனப்படும் மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல் பாடம் நடத்தும் பேராசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

நான் பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகிற வழியில் கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் கொடுத்துப் பிழைக்கிறவன். உங்களைப் போன்றவர்களிடம் நான்கு வருடம் இ.சி.இ. படித்தவனும்கூட. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் இறுதியாண்டுப் பிள்ளைகள் மூன்று பேர் இன்பிளான்ட் டிரெய்னிங் என்று என்னிடம் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஏணியைத் தூக்கச் சொன்னால் தூக்கினார்கள். பைபர் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினை விட்டு நகரவே மாட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு தோட்டத்துச் சாளையில் பழைய ரூட்டரைக் கழற்றிவிட்டு நான்கு ஆன்டெனா வைத்த புது ரூட்டரை மாட்டிக்கொண்டிருந்தோம். "இதுக்கு எதுக்குக் கண்ணு நாலு ஆன்டெனா?" என்று கேட்டேன். "ரேஞ்ச் கூட வரும்ங்கண்ணா" என்றான் ஒருவன். "ஒண்ணு கெட்டுப் போனா இன்னொண்ணு இருக்கும்ங்க" என்றது கூட வந்த அம்மிணி. மூன்றாவது பையன் மட்டும் "மைமோ" என்று சரியான பெயரைச் சொன்னான். மல்டிபிள் இன்புட் மல்டிபிள் அவுட்புட், அதாவது பல ஆன்டெனாவில் அனுப்பிப் பல ஆன்டெனாவில் வாங்குவது என்று விரிவாக்கமும் சொன்னான். இரண்டு மார்க் கேள்வியாம் அது. அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது.

அந்த மைமோவுக்கு அடிப்படைக் காப்புரிமை வாங்கியவர் பிறந்த ஊர் இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் என்று சொன்னேன். மூன்று பேரும் நம்பவில்லை.

ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ராணுவப் பயிற்சிக்குப் போய்க் கடற்படையில் சேர்ந்தவர். 1971 போரில் பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கி நம் குக்ரி கப்பல் மூழ்கிய பிறகு, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கும் பெரிய வேலை அவர் தலைமையில் நடந்தது. அப்சோ என்ற அந்தக் கருவி 1980களில் நம் கப்பல்களில் ஏறியது. தண்ணீருக்கடியில் பல திசையிலிருந்து கலந்து வரும் சத்தத்தை, வரிசையாக வைத்த உணரிகளால் பிரித்தெடுப்பதுதான் அந்த வேலை. பிறகு அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனவர், அதே கண்ணோடு ரேடியோ அலையைப் பார்த்தார். 1992 பிப்ரவரியில் அவரும் அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலத்தும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1994ல் கிடைத்தது. அமெரிக்கக் காப்புரிமை எண் 5345599. கம்பியில்லா ஒலி ஒளிபரப்பின் கொள்ளளவைக் கூட்டுவது பற்றியது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்பதை, டிவி ஆன்டெனாவைத் திருப்பி வளர்ந்த எங்கள் தலைமுறைக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் அப்போது கொடைக்கானல் நிலையத்தைப் பார்த்துத்தான் ஆன்டெனாவைத் திருப்பி வைப்போம். அப்பா மேலே ஏறிக் கம்பத்தைத் திருகுவார், நான் கீழே டிவி முன்னால் உட்கார்ந்து கத்துவேன். படம் தெரியும், ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் வலது பக்கம் மங்கலாக இன்னொரு ஆள் நிற்பார். செய்தி வாசிக்கிறவருக்கு இரண்டு மூக்கு. நேராக வந்த அலையோடு, மலையில் பட்டுத் திரும்பிய அலையும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்வதால் வருகிற நிழல் அது. அந்த நிழலை ஒழிப்பதற்காகவே கம்பத்தை அரை அங்குலம், கால் அங்குலம் என்று திருகிக்கொண்டிருப்பார் அப்பா.

ரேடியோ பொறியாளர்களும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள். பட்டுத் திரும்பும் அலை அவர்களுக்கு எதிரி. பால்ராஜ் அதைத் திருப்பிப் போட்டார். ஒரு வேகமான சிக்னலைப் பல மெதுவான சிக்னல்களாகப் பிரி. ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்திலிருந்து, ஆனால் ஒரே அலைவரிசையில் அனுப்பு. வாங்குகிற பக்கம் பல ஆன்டெனா வை. சுவரிலும் மரத்திலும் பட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் வருவதால், ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் கலவை வேறு வேறாகக் கிடைக்கும். அந்த வேறுபாட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பிரித்து மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிடலாம். வழி எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு நல்லது. அப்பா ஒழிக்கப் பார்த்த அந்த நிழல்தான் இதில் சரக்கு.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது, தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1948ல் அவர் போட்ட கணக்குப்படி, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் பவரை இரண்டு மடங்காக்கினால் ஒரு ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு ஒரு பிட்தான் கூடும். நான்கு மடங்காக்கினால் இரண்டு பிட். கரன்ட் பில் ஏறுகிற வேகத்துக்கு டேட்டா ஏறாது. அலைக்கற்றையை விலைக்கு வாங்கினால் வேகம் கூடும், அது கோடிக் கணக்கில். அப்படி முட்டி நின்ற இடத்தில், பவரையும் கூட்டாமல் அலைக்கற்றையும் வாங்காமல், இரு பக்கமும் ஆன்டெனாவைக் கூட்டினால் அதற்கேற்ற மடங்கில் வேகம் கூடும் என்று ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. 1996ல் பெல் ஆய்வகத்தின் ஜெரார்டு போஷினி தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். 2009ல் வைபை தரத்தில் அது ஏறியது, அப்புறம் 4ஜி, 5ஜி. 2014ல் பால்ராஜுக்கு மார்கோனி பரிசு கிடைத்தது. இன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பாக்கெட்டில் இருப்பது அந்தக் காப்புரிமையின் வாரிசு.

அந்த மூன்று பிள்ளைகளிடம் இதைச் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் சொன்ன பிறகு ஒரு காரியம் செய்தோம், அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

சாளைக்குப் பின்னால் கொப்பரை காயப்போடும் சிமென்ட் களம் இருந்தது. மழைக்காலம் என்பதால் காலியாகக் கிடந்தது. ரூட்டரை ஒரு ஸ்டூலில் வைத்துக் களத்தின் ஒரு மூலையில் நிறுத்தினோம். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எதிர் மூலைக்கு நடந்தான் ஒரு பையன். நடுவில் ஒன்றுமில்லை, நேர்ப் பார்வை. சிக்னல் மைனஸ் 55 டிபிஎம். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதானால் சிக்னல் குறைவு என்று அர்த்தம். அப்புறம் ரூட்டரை வீட்டுக்குள் வைத்துவிட்டு, இரண்டு சுவர் தள்ளி அடுப்படியில் லேப்டாப்பை வைத்தோம். சிக்னல் மைனஸ் 60. சிக்னல் குறைந்த அடுப்படியில் வேகம் கூட வந்தது! திரையில் பார்த்தால், களத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்ட்ரீம்தான், அதாவது பிரித்த சிக்னலில் ஒன்றுதான், ஓடிக்கொண்டிருந்தது, அடுப்படியில் இரண்டு. வெட்டவெளியில் எல்லா ஆன்டெனாவுக்கும் ஏறக்குறைய ஒரே கலவை போவதால் பிரிக்க முடியவில்லை. அடுப்படியில் சுவரும் பாத்திரமும் அலமாரியும் அலையைச் சிதறடித்ததால் பிரிக்க முடிந்தது. அந்த அம்மிணி இரண்டு முறை ஓடி ஓடி மாற்றி வைத்துப் பார்த்தது. மூன்றாம் முறை தன் நோட்டில் அளவை எழுத ஆரம்பித்தது. யாரும் எழுதச் சொல்லவில்லை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது இறுதியாண்டு புராஜெக்ட் என்னவென்று கேட்டேன். "காந்திபுரத்துல சொல்லியிருக்கோம்ங்கண்ணா. ரெண்டு வாரத்துல ரிப்போர்ட்டோட தந்துருவாங்க" என்றான் ஒருவன். கோவை காந்திபுரத்தில் புராஜெக்ட் செய்து விற்கும் கடையைத்தான் சொன்னான். பதினான்காயிரமாம், மூன்று பேரும் பங்கு போட்டார்களாம்.

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன். தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் மோட்டார் நிற்கும் ஒரு பெட்டி. வைவாவில் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, உள்ளே இருந்த சிப்பின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நல்ல மார்க் போட்டார்கள். கல்லூரியை விட்டு வந்து நான்கு வருடம் கழித்து, மழை ஓய்ந்த ஒரு காலையில் ஓவர்ஹெட் டேங்க் மேல் உட்கார்ந்து, நேற்றுவரை மைனஸ் 61ல் ஓடிய ரேடியோ லிங்க் ஏன் மைனஸ் 74க்கு இறங்கியது என்று தெரியாமல் முழித்தபோதுதான் நான் படிக்காதது எவ்வளவு என்று தெரிந்தது. நடுவில் தென்னை மட்டை வளர்ந்திருந்தது. நனைந்த மட்டை 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குடித்துவிடும். இதை ஒரு வரியாகவாவது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். கம்பெனி மாறினேன், ரேடியோவை மாற்றினேன், கடன் வாங்கினேன். கடைசியில் மட்டையை வெட்டியதும் சரியானது.

பாடத்திட்டம் முழுவதும் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஆய்வுக் குழு வருகிறது என்று பைல் தயார் செய்வதிலேயே உங்கள் நேரம் போகிறது என்பதும் தெரியும். ஆனால் நம் பக்கத்தில் தன்னாட்சிக் கல்லூரிகள் நிறைய. நீங்கள் மனது வைத்தால் ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடத்தை மாற்றலாம்.

நான் கேட்பது இதுதான். கடையில் வாங்கிய புராஜெக்டை ஏற்காதீர்கள். அதற்குப் பதில் பிள்ளைகள் ஒரு பழைய காப்புரிமையையோ மூலக் கட்டுரையையோ எடுத்து, முழுசாகப் படித்து, அதில் சொன்ன ஒரு விஷயத்தையாவது கையால் செய்து அளந்து காட்டட்டும். 5345599 இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் காலம் முடிந்துவிட்டது, யாரும் காசு கேட்க மாட்டார்கள். பொள்ளாச்சியில் பிறந்தவர் எழுதியது என்று சொல்லிக் கொடுங்கள், படிக்கிற விதமே மாறும்.

அது கடினம் என்றால் அலோஹாவில் தொடங்கலாம். 1971ல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழு செய்த ரேடியோ கணினி வலை அது. தீவுக்குத் தீவு கம்பி இழுக்க முடியாது, ரேடியோவில் கணினிகளை இணைக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே அலைவரிசைதான் இருக்கிறது. யார் எப்போது பேசுவது? அவர்கள் சொன்ன விடை ரொம்ப எளிமை: இருப்பதை அனுப்பு, பதில் வராவிட்டால் மோதிவிட்டது என்று அர்த்தம், ஏதோ ஒரு நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. அப்படிச் செய்தால் அலைவரிசையில் 18 சதவீதம்தான் அதிகபட்சம் பயன்படும். எல்லோரும் ஒரே தாளத்தில் மட்டும் தொடங்கினால் அது ஏறக்குறைய 37 ஆகும். உங்கள் போன் டவரை முதன்முதலில் கூப்பிடுவது இன்றும் இந்த முறையின் வழியில்தான். நம் ஊரிலும் வீடுகள் தெருவாக இல்லை, தோட்டத்துக்கு ஒரு சாளையாகத் தனித்தனித் தீவு மாதிரிதான் கிடக்கின்றன. இதைக் கணக்காக இல்லாமல், பத்துப் பிள்ளைகளைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்துப் பேசச் சொல்லியே காட்டிவிடலாம்.

பைபர் வந்துவிட்டதே, கம்பியில்லாதது எதற்கு என்பார்கள். நான் கொடுக்கும் பைபரும் ஒருவகை ஒளிபரப்புதான். என் ஆபீஸிலிருந்து போகும் ஒரு கண்ணாடி இழை, கரன்டே இல்லாத ஒரு சின்ன ஸ்ப்ளிட்டரில் 32 வீட்டுக்குப் பிரிகிறது. 1490 நானோமீட்டரில் ஒரே ஒளி எல்லா வீட்டுக்கும் போகும், ஒவ்வொரு பெட்டியும் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது 1310ல் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து நேரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மோதும். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான். ஒரு வீட்டுப் பெட்டி கெட்டு முறை தவறி வெளிச்சம் விட்டால் 32 வீடும் படுத்துவிடும். அந்த ஒரு பெட்டியைக் கண்டுபிடிக்க ராத்திரி ஒரு மணிக்குத் தோட்டம் தோட்டமாக அலைந்திருக்கிறேன்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. கோவையில் பொறியியல் கல்லூரி வரக் காரணமாக இருந்த ஜி.டி. நாயுடு, நான்கு வருடப் படிப்பு நேர விரயம், கையால் செய்து படித்தால் குறைந்த காலம் போதும் என்று வாதாடியவர். ஒத்துக்கொள்ளாததால் விலகியும் போனார். படிப்பைச் சுருக்கச் சொல்லவில்லை நான். அந்த நான்கு வருடத்தில் ஒரு மாதமாவது பிள்ளைகள் வெயிலில் நின்று அளக்கட்டும்.

எங்கள் பக்கம் களம் மழைக்காலம் முழுக்கக் காலியாகத்தான் கிடக்கும். ஏணி, இரண்டு ஜோடி 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, ஐந்தாறு பழைய ரூட்டர், ஒரு பவர் மீட்டர் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வாங்க. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். நோட்டும் பேனாவும் கொண்டுவரச் சொல்லுங்க, நீங்களும் ஒருமுறை டேங்க் மேல் ஏறிப் பாருங்க.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்,
ஆனைமலை ரோட்டுக் கேபிள்காரன்