அரபு மொழியினரின் டிஜிட்டல் அழுத்தமும் அதை அளக்கும் எண்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியும் சமூக ஊடகமும் அரபு நாட்டு இளைஞர்களிடம் உண்டாக்கும் மன அழுத்தத்தை அளக்கும் முயற்சிகள் பெருகிவருகின்றன. உளவியல் அளவீட்டைக் கற்பித்துவரும் ஆசிரியை என்ற முறையில், அந்த ஆய்வுகள் தரும் எண்களை வாசிக்கும் விதம் குறித்துச் சிலவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இத்துறையில் அறியப்பட்ட அளவுகோல்களுள் ஒன்று, அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டது. அதன் 24 வாக்கியங்கள், செய்தி வந்ததும் பதில் தந்தாக வேண்டும் என்ற நெருக்கடி, தம் பதிவை மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற பதற்றம், தாம் மட்டும் விடுபட்டுப்போவோமோ என்ற அச்சம், குவியும் அறிவிப்புகளால் வரும் திணறல், கைப்பேசியிலிருந்து மனத்தை எடுக்க முடியாத நிலை ஆகிய ஐந்து கூறுகளை அளக்கின்றன. ஒருவர் எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தார் என்று மட்டும் கணக்கிடுவதைவிட இது எவ்வளவோ மேலான வழி.

ஆனால் இத்தகைய அளவுகோலை அரபுக்குக் கொண்டுபோகும்போது எந்த அரபுக்கு என்ற கேள்வி எழுகிறது. எழுத்துக்கென்று இருக்கும் பொது அரபு ஒன்று. மொராக்கோவிலும் எகிப்திலும் இராக்கிலும் வீட்டில் பேசுவது வேறு வேறு. இளைஞர்கள் நண்பர்களுக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் தத்தம் பேச்சு வழக்கில்தான். அதை ரோமன் எழுத்தில், அவ்வெழுத்தில் இல்லாத ஒலிகளுக்கு 3, 7 போன்ற எண்களைச் சேர்த்து எழுதுவோரும் ஏராளம். வினாத்தாளோ பாடப்புத்தக மொழியில் வருகிறது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியை அறிந்த நமக்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். மொழிபெயர்த்து, மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிட்டு, 30 முதல் 40 பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் வழிகாட்டு நெறி 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அந்தச் சிலரையும் ஒரே நகரத்துக் கல்லூரியிலிருந்து எடுத்தால் பயன் குறைவு.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கார்ட்டூமில் பெற்றோரை விட்டுவிட்டுக் கெய்ரோவில் தங்கியிருக்கும் சூடான் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய போரின் நடுவே, 2024 பிப்ரவரியில் சூடானின் பெரும்பகுதியில் இணையமும் தொலைபேசியும் அறுந்தன. அம்மாவுக்கு அவள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் ஒற்றைச் சாம்பல் டிக் அப்படியே நிற்கிறது. நள்ளிரவில் எழுந்தும் அதையே பார்க்கிறாள். 'கைப்பேசியை அடிக்கடி எடுத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை' என்பதுபோன்ற வாக்கியத்துக்கு அவள் 'முற்றிலும் ஆம்' என்றே விடையளிப்பாள். கன்சாஸில் விருப்பக்குறிகளுக்காகக் காத்திருக்கும் மாணவரும் அதே கட்டத்தில் குறியிடலாம். இருவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டு, இருவருக்கும் கைப்பேசியைக் குறைக்கும்படி அறிவுரை சொன்னால், அந்தப் பெண்ணுக்கு நாம் அநீதி இழைத்தவர்களாவோம். பொதுத்தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்க அரசே இணையத்தைத் துண்டிக்கும் வழக்கம் இராக்கிலும் சிரியாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்துவந்திருக்கிறது. அங்கெல்லாம் தொடர்பு அறுபடுவதும் அழுத்தத்துக்குக் காரணம். அதற்கு இந்த ஐந்து கூறுகளில் தனியிடம் இல்லை.

நம்பகத்தன்மையைக் காட்ட ஆய்வாளர்கள் தரும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் உயர்ந்திருந்தால், வாக்கியங்கள் தமக்குள் இசைந்திருக்கின்றன என்பதுதான் தெரியும். எல்லா நாட்டாரும் அவற்றை ஒரே பொருளில் புரிந்துகொண்டார்கள் என்று அதிலிருந்து கூறிவிட முடியாது. ஒரே அளவு அழுத்தம் உள்ள லெபனான்காரரும் ஓமன்காரரும் ஒரு வாக்கியத்துக்கு ஏறக்குறைய ஒரே விடையைத் தருகிறார்களா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். அச்சோதனை நடக்காதவரை, அரபு லீக்கின் 22 நாடுகளையும் ஒரே சராசரியில் அடக்குவதோ, ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதோ கூடாது.

இத்தகைய ஆய்வுகளைச் செய்தியாக்கும்போது, விடையளித்தவர்கள் எந்த நாட்டினர், எந்த வயதினர், எந்த மொழி வழக்கில் கேட்கப்பட்டார்கள், அப்போது அங்கே போரோ மின்வெட்டோ இருந்ததா என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இணைய இணைப்பின் வழியே மட்டும் வினாத்தாள் அனுப்பப்பட்டிருந்தால், அதையும் தவறாமல் குறிப்பிடுங்கள். இணைப்பு கிடைக்காதவர்களும் வீட்டுக்கு ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் பெண்களும் அந்தக் கணக்கில் வருவதே அரிது.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.