நிரூபிக்கும் சுமை வீரருக்கா?

ஆசிரியருக்கு,

பணியால் வந்த நோய்க்கும் ஊனத்துக்கும் தரப்படும் ஊன ஓய்வூதியம் கேட்டு முன்னாள் ராணுவ வீரர்கள் நடத்தும் வழக்குகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். படையில் சேரும்போது மருத்துவக் குறிப்பில் இல்லாத நோயால் ஒருவர் பின்னாளில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டால், அவரைப் பரிசோதிக்கும் ராணுவ மருத்துவர் குழுவான மருத்துவ வாரியம் தக்க காரணம் காட்டாதவரை அது பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல. தரம்வீர் சிங் வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அப்புறமும் நோயாளிகளை ராணுவத்தினரின் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் படியேற வைப்பது கொடுமை.

லடாக்கில் பணியாற்றிய என் அண்ணனுக்கு அங்கேதான் ரத்த அழுத்தம் வந்தது. ‘பணியுடன் தொடர்பில்லை’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். மருத்துவப் பதிவுகளின் நகல் கையில் இல்லாததால் மேல்முறையீடும் இழுத்துக்கொண்டே போனது. வாரியம் தன் முடிவுக்கான காரணத்தை விரிவாக எழுதட்டும். முழுப் பதிவுகளின் நகலையும் விடுவிக்கும் நாளிலேயே வீரரிடம் கொடுக்கட்டும்.

ஒரு முன்னாள் ராணுவ வீரரின் தம்பி,
வேலூர்