ஈரப்படங்களுக்கு ஓர் இடம் தாருங்கள்: ஓவிய மாணவர்களின் திறந்த மடல்

மதிப்புக்குரிய பீடாதிபதி அவர்களுக்கும் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த கார்த்திகையில் ஓவியக்கூடத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கருத்தரங்குக்கு வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு பரிமாற இடம் வேண்டுமென்று கூடத்தைக் காலி செய்யச் சொன்னீர்கள். காய்ந்ததும் காயாததுமாக நின்ற படங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தப்பட்டன. சில வாரம் கழித்து நடந்த மதிப்பீட்டில் அதே படங்களுக்கு மேற்பரப்புச் சரியாகப் பேணப்படவில்லை என்று புள்ளி குறைக்கப்பட்டது. படங்களைத் தூக்கி அடுக்கிய ஊழியர்கள்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஈரப்படத்தை எப்படிப் பிடிப்பது, எங்கே வைப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வைப்பதற்கு இடமும் இருக்கவில்லை. அந்த இடத்தைத்தான் கேட்கிறோம். வரைந்து முடியாத, காயாத படங்களை வைக்க, வேறு எந்தத் தேவைக்கும் கை வைக்காத ஓர் இடம்.

சேதம் எப்படிப்பட்டது என்பதை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறோம். ஒரு படத்தில் அல்ட்ராமரீன் நீலமும் வெள்ளையும் சேர்த்துக் கத்தியால் தடிப்பாக இழைத்த கடல். அதன் முகத்தில் இன்னொரு கன்வஸின் முதுகு படிந்து கிடந்ததால் துணியின் நெசவு, ஊடும் பாவும் எண்ணக்கூடிய அளவுக்கு, நீலத்தில் அச்சாகிவிட்டது. பிரித்து எடுத்தபோது வண்ணம் தோலாகக் கழன்று கீழே இருந்த வெள்ளைப் பூச்சுத் தெரிந்தது. மற்றொன்றில் பக்கத்துச் சட்டத்தின் மூலை பின்புறமாகக் குத்தி, முகத்தில் கட்டைவிரல் அளவு புடைப்பு. இன்றைக்கு அது சின்ன விசயமாகத் தெரியலாம். வண்ணம் இறுகி வர, அந்தப் புடைப்பைச் சுற்றி வட்ட வட்டமாக வெடிக்கும். அதன்மேல் மீண்டும் தீட்டி மறைத்தாலும் வெடிப்பு மேலே வரும்.

எண்ணெய் வண்ணம் நீர் வற்றுவதுபோல வற்றிக் காய்வதில்லை. வண்ணத்தை இளக்கச் சேர்க்கும் ரேர்பன்ரைன் மட்டுமே ஆவியாகிறது. வண்ணத்தில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. அதனால் படத்துக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும். மங்கனீசு கலந்த அம்பர் என்னும் கபில நிறங்கள் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். ரைற்றேனியம் வெள்ளை, கட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு போன்றவை மெல்லிய பூச்சிலேயே ஒரு கிழமையும் எடுக்கும், அதற்கு மேலும் எடுக்கும். கத்தியால் வைத்த தடிப்பில் மேல்தோல் காய்ந்து, உள்ளே மாதக்கணக்கில் பசையாகவே இருக்கும். விரலால் தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று அடுக்கும்போது நசிவது அந்த உள்பசைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் காய்வது இன்னும் தாமதமாகும். இருட்டில் மூடி வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். துணியின் முதுகில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு கன்வஸ் எங்கள் கைக்கு எப்படி வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. தச்சரிடம் அறுத்து எடுத்த சட்டம், அதன் உள்விளிம்பைச் சரிவாகச் சீவ வேண்டும். சீவாவிட்டால் சட்டத்தின் கோடு துணியில் பதியும். நான்கு பக்கமும் மூன்று அங்குலம் கூட விட்டு வெட்டிய துணி, நடுவில் தொடங்கி எதிர் எதிராக இழுத்து மூலை நோக்கி அடித்து வர வேண்டும். பிறகு பசைப்பூச்சு ஒன்று, வெள்ளைப் பூச்சு மூன்று. ஒவ்வொன்றும் முந்தியதற்குக் குறுக்கே, நடுவில் மண்கடதாசியால் தேய்த்து. வண்ணம் தொட முன்னரே மூன்று நாள் போய்விடும். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதி ரியூப்களின் விலை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதிகம் கரைவது வெள்ளை ரியூப்தான். இவ்வளவும் போட்டுச் செய்த படம் மாடிப்படிக்குக் கீழே போனது.

நீரில் கரைத்துத் தீட்டும் அக்ரிலிக் வண்ணத்தில் வரையலாமே, ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடுமே என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. பாடஅலகின் பெயரே எண்ணெய் வண்ண ஓவியம். அதைவிட, பங்குனி சித்திரை வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்கிறது. ஒரு முகத்தின் நிழலை வெளிச்சத்தோடு இழைத்து முடிக்குமுன் விளிம்பு இறுகிவிடும். காய்ந்த பிறகும் அக்ரிலிக் வெப்பத்தில் இளகும். முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினால் அதுவும் ஒட்டும். எந்த ஊடகத்தை எடுத்தாலும் இடம் வேண்டும்.

இடம் இல்லாததால் பலர் ஈரப்படத்தையே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மாலையில் கூடம் பூட்டப்படுகிறது. மூன்றடிக்கு நான்கடிக் கன்வஸை மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து இரண்டு கையாலும் விளிம்பில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வாடைக்காற்றில் அது பாயாக விரிந்து ஆளையே சாய்க்கிறது. பஸ்ஸில் ஏற்ற நடத்துனர் விடமாட்டார், அவர் சொல்வதும் நியாயம், பயணிகளின் உடுப்பில் வண்ணம் படும். ஓட்டோவுக்குள் அந்த அளவு நிமிர்ந்து நிற்காது, சரித்தால் கூரையில் உரசும். தீவுப்பகுதியில் இருந்து வரும் பிள்ளைகள் இதனாலேயே சின்ன அளவில் வரைகிறார்கள். பெரிய படம் வரையத் தெரியாமல் அல்ல, கொண்டுபோக வழியில்லாமல்.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. கூடத்தின் கிழக்குச் சுவரோடு பத்தடி நீளத்தில் இரண்டு தட்டுள்ள மரச்சட்டகம் ஒன்று. நான்கு அங்குலத்துக்கு ஒரு நிமிர்ந்த தடுப்பு என்று வைத்தால் தட்டொன்றில் முப்பது படம், இரண்டிலும் அறுபது. தடுப்புகள் பலகையாக இருக்கக் கூடாது, இடைவெளி விட்ட சிலாகைகளாக இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று ஊடே போகும். அடித்தட்டு நிலத்திலிருந்து அரையடி உயரத்தில், வெள்ளத்துக்கும் கறையானுக்குமாக. மழைக்குச் சுவர் கசிவதால் சுவருக்கும் சட்டகத்துக்கும் ஓரடி இடைவெளி. பனைமரம் உறுதி, மலிவு. ஆனால் அதன் சிராய் துணியைக் கிழிக்கும். கால்களுக்குப் பனையும், படம் தொடும் இடத்துக்கு வேறு மரத்தைச் சீவியும் போடலாம். கூடவே மூடியுள்ள தகர வாளி ஒன்று அவசியம். லின்சீட் தோய்ந்த துணிகளைக் குவித்துவிட்டுக் கூடத்தைப் பூட்டினால், தீக்குச்சி இல்லாமலே அவை சூடேறித் தீப்பிடிக்கக் கூடியவை. அவற்றைத் தண்ணீர் விட்ட வாளிக்குள்தான் போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூல ஓவியங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது எங்கள் ஒப்படைகளில் ஒன்று. பார்ப்பதற்கு எங்கே போவது? 1943 இல் கொழும்பில் தொடங்கிய நவீன ஓவியர் அமைப்பான 43 குழுவினரின் ஓவியங்களைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் அக்குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டுக்கு, சபுமல் மன்றத்துக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். போக வர ஒரு நாளும் ஓர் இரவும், தங்க இடமும் காசும். போக முடியாதவர்கள் புரொஜெக்டர் திரையில் பார்த்து எழுதுகிறார்கள். திரையில் கையகலப் படமும் சுவரகலப் படமும் ஒரே அளவுதான். அதே குழுவின் ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் கோடு எந்த இடத்தில் தூரிகையை அழுத்தியது, எங்கே விட்டது என்பது தெரியாது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வாகனங்களைப் பார்க்கலாம், அது எங்கள் பெரும் பள்ளிக்கூடம். ஆனால் எண்ணெய் வண்ணத்தைப் படிக்க, கிட்ட நின்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க இங்கே எங்களுக்கு ஒன்றும் எட்டவில்லை. 1981 இல் நூலகம் எரிந்த ஊர் இது. 1995 ஐப்பசியில் போரால் வலிகாமம் பகுதி மக்கள் எல்லாரும் எழும்பி நடந்தபோது சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இத்தனைக்கும் பிறகு, போர் இல்லாத காலத்தில், ஒரு மதியச் சாப்பாட்டுக்காக இங்கே ஓவியங்கள் அழிவதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முன்னைய அணிகளின் இறுதியாண்டுப் படங்கள் இன்று எங்கே? சில வீட்டு அலுமாரிகளுக்குப் பின்னால், சில கறையானுக்கு. அந்தச் சட்டகத்தின் ஒரு தட்டில் ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்களைப் பேணினால், அடுத்து வரும் மாணவர் அவற்றை உருவி எடுத்து, வெளிச்சத்தில் சரித்து, பூச்சு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, எது வெடித்திருக்கிறது, ஏன் என்று கண்ணால் கற்கலாம். எங்களுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை.

எழுத்தில் ஆத்திரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கற்பித்த உங்கள்மேல் எங்களுக்கு மரியாதை குறையவில்லை. பணிவோடு கேட்கிறோம்: ஈரப்படங்களுக்கு ஓர் இடம் தாருங்கள். ஓவியக்கூடத்தை வேறு நிகழ்வுகளுக்குக் கொடுப்பதில்லை என்று எழுத்தில் தாருங்கள். கார்த்திகையில் பழுதான படங்களின் புள்ளிகளை மீண்டும் பாருங்கள். இவை ஐப்பசி மழை தொடங்குமுன் நடக்க வேண்டும். சட்டகத்தின் அளவு வரைபடம் துறை அலுவலகத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது. மரத்துக்கும் தச்சருக்கும் அனுமதி தந்தால் போதும், சீவவும் தேய்க்கவும் ஆணியடிக்கவும் நாங்கள் நிற்போம்.

இங்ஙனம்,
ஓவியப் பிரிவு மாணவர்கள்
யாழ்ப்பாணம்