மாதிரிப் படகுக்கு இரண்டாவது சிலிண்டர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிப் படகுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். தமிழில் இத்துறையைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் அம்முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் பொருத்தினால் படகின் வேகம் இரு மடங்காகும் என்று அதில் கூறப்பட்டிருப்பது சரியன்று. அதை நம்பி எஞ்சின் வாங்கவோ, லேத்தில் கடைந்து செய்யவோ முனையும் இளைஞர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நீராவியால் ஓடும் மாதிரிப் படகுகளைப் பார்ப்போம். அவற்றில் ஆற்றல் பிறக்கும் இடம் கொதிகலன். சிலிண்டர் அதைச் செலவழிக்கும் இடம். இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் நிறுவனப் பெயரில் நெடுங்காலமாக விற்கப்படும் டி10 எஞ்சினை இதற்குச் சான்றாகக் கூறலாம். முக்கால் அங்குல விட்டமும் முக்கால் அங்குல வீச்சும் (பிஸ்டன் ஒரு முறை நகரும் தொலைவு) கொண்ட அதன் இரு சிலிண்டர்களிலும் பிஸ்டனின் இரு பக்கமும் மாறி மாறி நீராவி புகுகிறது. வீச்சு முழுவதும் நீராவி நிரம்புவதாகக் கொண்டால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 21 கன சென்டிமீட்டர் நீராவி தேவை. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நிமிடத்துக்குச் சுமார் 13 லிட்டர். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 2 பார் அழுத்தத்தில் இது சுமார் 21 கிராம் தண்ணீருக்குச் சமம். குழாயிலும் சிலிண்டர்ச் சுவரிலும் குளிர்ந்து வீணாகும் நீராவியைச் சேர்க்காமலேயே, அரை லிட்டர் தண்ணீர் 24 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஒற்றைச் சிலிண்டருக்கு அளவாகச் செய்த கொதிகலனோடு இத்தகைய எஞ்சினை இணைத்தால் அழுத்தம் இறங்குமே தவிர, வேகம் பெரிதாகக் கூடாது.

அப்படியானால் இரண்டாவது சிலிண்டரால் என்ன பயன் என்ற கேள்வி எழும். அதற்கு விடை ரேடியோக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. லண்டன் விக்டோரியா பூங்காவில் 1904-இல் மாதிரி நீராவிப் படகுக் கழகம் தொடங்கப்பட்ட காலத்தில், தண்ணீரில் விட்ட படகைக் கரையிலிருந்து கட்டுப்படுத்த இன்றுள்ளதைப் போன்ற வழியில்லை. சுக்கானை நிலைப்படுத்தி, அச்சிலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுண்டி எஞ்சினை ஓட வைத்துப் படகை விட்டுவிட்டால், அது எதிர்க்கரை சேரும்வரை நிற்காமல் ஓடினாலே போதுமானதாக இருந்தது. அதற்கு ஒற்றைச் சிலிண்டர் எந்தக் குறையும் வைக்கவில்லை.

இன்றோ, குளத்தின் நடுவில் படகை நிறுத்தவும், மீண்டும் கிளப்பவும், துறையை ஒட்டி மெல்ல நகர்த்தவும், பின்னோக்கிச் செலுத்தவும் விரும்புகிறோம். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் வீச்சின் எல்லையில் நின்றுவிட்டால், அச்சைச் சுழற்றும் கைப்பிடி போன்ற கிராங்கும், பிஸ்டனின் விசையை அதற்குக் கொண்டுசேர்க்கும் இணைப்புத் தண்டும் ஒரே கோட்டில் அமைந்துவிடுவதால், எவ்வளவு நீராவியைத் திறந்தாலும் அச்சு சுழலாது. மேசைமேல் இருக்கும்போது விரலால் தள்ளிவிடலாம். முப்பது மீட்டர் தொலைவில் மிதக்கும்போது அதற்கு வழியே இல்லை. டி10 போல பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி புகும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் இரு கிராங்குகளையும் 90 பாகை இடைவெளியில் அமைத்தால், ஒரு பிஸ்டன் எல்லையில் நிற்கும் வேளையில் மற்றது வீச்சின் நடுப்பகுதியில் முழு விசையோடு நிற்கும். ஆகவே வால்வைத் திறந்தவுடன் எஞ்சின் தானே புறப்படும்; சுழற்சியும் சீராக அமைவதால் மிகக் குறைந்த வேகத்திலும் நிற்காமல் ஓடும். இழுவைப் படகு போன்ற மாதிரிகளுக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை என்பது என் கருத்து. கிராங்குகள் 180 பாகையில் அமைந்திருந்தால் இரு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் எல்லைக்கு வந்துவிடும் என்பதால், இரண்டு சிலிண்டர் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு.

பின்னோக்கிச் செலுத்துவதைப் பற்றியும் கட்டுரை மேலோட்டமாகவே கூறுகிறது. சிலிண்டரே ஊசலாடி நீராவி வழிகளைத் திறந்து மூடும் ஆடும் சிலிண்டர் வகை எஞ்சின்களில் நீராவி நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் ஒரு சிறு வால்வால் இடம் மாற்றினாலே எஞ்சின் எதிர்த்திசையில் சுழலும். அந்த வால்வை, ரேடியோ சைகைக்கேற்பத் திரும்பும் சிறு மோட்டார்க் கருவியான சர்வோ எளிதில் திருப்பிவிடும். நீராவியின் அழுத்தத்தால் தளத்தோடு ஒட்டி நின்று சறுக்கும் வால்வைக் கொண்ட, டி10 போன்ற நழுவு வால்வு எஞ்சின்களில் அப்படி மாற்றினால் நீராவி அழுத்தம் வால்வை அதன் தளத்திலிருந்து தூக்கிவிடும் என்பதால், அவற்றுக்குத் தனியான திசைமாற்று இணைப்பு தேவை.

பெட்ரோல் எஞ்சின்களில் நிலைமை வேறு. எதிரெதிராக அமைந்த இரு சிலிண்டர்களின் பிஸ்டன்கள் ஒன்றன் அதிர்வை மற்றொன்று பெருமளவு தணிக்கின்றன என்பது உண்மை. எனினும் பந்தயப் பிரிவுகள் எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டே வகுக்கப்படுவதால், அதே கொள்ளளவை இரண்டாகப் பிரிக்கும்போது எடையும் உராய்வும்தான் கூடுகின்றன. ஜப்பானின் செனோவா போன்ற நிறுவனங்களின் 26 சி.சி. அளவிலான ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் பந்தயங்களில் பரவலாக விளங்குவது இதனால்தான்.

எனவே, கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், கிராங்குக் கோணத்தையும் கொதிகலனின் திறனையும் பற்றிய விளக்கத்தை அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே, இரட்டைச் சிலிண்டருக்காகப் பெரிய கொதிகலன் செய்வோர் பாதுகாப்பு வால்வு பொருத்துவதோடு, பிரிட்டனில் வழக்கமாகச் செய்வதுபோல், இயக்க அழுத்தத்தின் இரு மடங்கில் குளிர்ந்த தண்ணீரை ஏற்றிச் சோதித்த பிறகே முதன்முறை நெருப்பு மூட்ட வேண்டும் என்பதையும் தவறாமல் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாதிரிப் படகு ஆர்வலரான ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.