மகளுக்கு விடுமுறை, அம்மாவுக்கு ஆப்சென்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கே டிவி ஓடும். கலெக்டர் லீவு விட்டிருக்கிறாரா என்று பார்க்கத்தான். போன கார்த்திகையில் ஒரு நாள், 'பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை' என்று திரையில் எழுத்து ஓடியதும், ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் மறுபடியும் போர்வைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் என் செல்போனில் கடை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து செய்தி: 'கடை வழக்கம்போல் உண்டு. 9.30-க்கு அனைவரும் வந்துவிடவும்.'

காரைக்குடியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். வீடு பள்ளத்தூர், பெயரிலேயே பள்ளம் இருக்கிறது. மகளைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான், பஸ் வர வேண்டுமே. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். வரவே முடியாத இரண்டு பெண்களுக்கு முழுநாள் சம்பளம் போனதோடு, லீவு போடாதவர்களுக்கு மாதக் கடைசியில் தரும் ஊக்கத்தொகையும் போயிற்று. அன்று இருட்டும் வரை கடைக்குள் வந்தவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

வானம் பார்த்த பூமியில் இருந்துகொண்டு மழையைக் குறை சொல்லக் கூடாதுதான். ஊருணி நிறைந்தால் எங்களுக்கும் சந்தோஷமே. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பயத்தில்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் இங்கே வந்து இவ்வளவு உயரமாக வீடு கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த உயரமான வீடுகள் பல இப்போது பூட்டிக் கிடக்கின்றன. கடைகளில் வேலை பார்க்கிற நாங்கள் இருப்பது தாழ்வான தெருக்களில்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் விசாரித்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்தே இருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால் வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு எடுக்கலாம் என்கிறது. ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன், இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. ரெட் அலர்ட் நியாயமான காரணம் இல்லையென்றால் வேறு எதுதான் காரணம்?

இயற்கைப் பேரிடரால் முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனால், அதை 'லே ஆஃப்' என்று கணக்கில் வைத்து அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களுக்கு மட்டும். அங்கும் 50 பேராவது வேலை பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் அதே 50 தான். கடை ஊழியர்கள் நாங்கள் எண்ணிக்கைக்கு முன்னாலேயே வெளியே. தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் சின்னப் பட்டறைகள் எந்தக் கணக்கில் வரும்? கல் வெயிலில் காய வேண்டும். நான்கு நாள் மழை பிடித்தால் நான்கு நாள் கூலி இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை உள்ளிட்ட நான்கு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை விட்டார்கள். தனியார் நிறுவனங்களுக்கு, முடிந்தவரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லுங்கள் என்று அறிவுரை மட்டும். பில் மெஷினைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தூருக்கு வர முடியுமா?

முதலாளிகளுக்கும் கஷ்டம் உண்டு. மழை நாளில் விற்பனை இல்லை, வாடகை மட்டும் நிற்பதில்லை. அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு அறிவிக்கும் உத்தரவிலேயே இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும்: ரெட் அலர்ட் நாளில் வர முடியாதவர்களுக்கு ஆப்சென்ட் போடக் கூடாது, தற்செயல் விடுப்பில் கழித்துக்கொள்ள வேண்டும், தாமதமாக வந்தால் சம்பளம் பிடிக்கக் கூடாது. கலெக்டருக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால் சட்டமன்றத்துக்கு இருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் இதே 1947 சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்களே. எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது.

எந்த மழையானாலும் போயே ஆக வேண்டியவர்கள் வேறு: லைன்மேன், துப்புரவுத் தொழிலாளி, நர்ஸ். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பக்கத்துப் புதுக்கோட்டையில் விழுந்த மின்கம்பங்களை நிமிர்த்த வெளிமாவட்ட மின்வாரிய ஆட்கள் வந்து நாள்கணக்கில் கிடந்தார்கள். அவர்களுக்கு லீவு கேட்பது நடக்காது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், மாற்றுத்துணி, நல்ல ரப்பர் கையுறை இவையாவது ஒப்பந்த ஆள் வரை போய்ச் சேர வேண்டும்.

கடைப் பெயரை நான் எழுதவில்லை. என் பெயரையும் போட வேண்டாம். அடுத்த மழைக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
துணிக்கடை ஊழியர் ஒருவர்,
பள்ளத்தூர்.